ஆறு பேர் தூங்கலாம்

பியூப்லோ, கொலராடோ
மார்ச் 6

ரொண்டாவுக்கு,

பிள்ளைகள் விஷயமாக நாம் இனிமேல் போனில் பேசக் கூடாது, எதுவானாலும் எழுதித்தான் கேட்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். நாம் கத்திய கத்தலுக்கு அது சரிதான். அதனால் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

ஜூலையில் பையன்கள் என்னிடம் வரும்போது ப்ளூ மேசா ஏரிக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பயப்படாதே, கூடாரம் இல்லை. போன வருடம் கூடாரத்தில் நடந்ததை கிளே ஒன்றுவிடாமல் உன்னிடம் சொல்லியிருப்பான். விடாத மழை. கிளே என் தூக்கப்பையில் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்த வேட் தன் பையில் எடுத்தான். அந்தக் கூடாரத்தை நான் வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை, ஏரிக்கரைக் குப்பைத் தொட்டியிலேயே திணித்துவிட்டு வந்தேன். இனி தரையில் படுக்கிற பிழைப்பே வேண்டாம். என் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற டிரெய்லர் வீடு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடையது நடுத்தர பிக்கப்தான். பழைய பெரிய வண்டி விவாகரத்தில் எப்படிப் போனது என்று உனக்கே தெரியும். ஆனாலும் விற்பனைக்காரன், "இந்த வண்டி ஒரு வீட்டையே இழுக்கும் சார். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான். "கண்ண மூடிக்கிட்டு மலை ஏறினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தான்.

படம் போட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ டிரெய்லர் ஆலையிலேயே வேலை செய்கிறவள், பார்த்துச் சொல். முன்பக்கம் கதவு வைத்த அறையில் பெரிய கட்டில், அது எனக்கு. பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், பையன்களுக்கு. ஆறு பேர் தூங்கலாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

டெஸ்ஸாவும் வேண்டுமானால் வரலாம். சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்கினால் படுக்கை ஆகிவிடும்.

கர்ட்டிஸ்


கோஷன், இந்தியானா
மார்ச் 14

கர்ட்டிஸ்,

கடைசிவரை படித்தேன். கடைசி இரண்டு வரியில்தான் குமட்டியது. மற்றதெல்லாம் வழக்கமான நீ.

ஆறு பேர் தூங்கலாமா? எந்த ஊர் ஆறு பேர்? அந்தப் படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற குடும்பத்திலேயே நாலு பேர்தான் இருக்கிறார்கள். ஒருத்தர்கூட மேசைமேல் படுத்திருக்கவில்லை, கவனித்தாயா?

அந்த மேசைப் படுக்கைக்கான மெத்தையுறைதான் நான் நாள் முழுக்க உட்கார்ந்து தைப்பது. உள்ளே வைக்கிற நுரை எது தெரியுமா? பெரிய மெத்தைகளை வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைப் பசை போட்டு ஒட்டியது. அந்தப் பசை நாற்றம் என் முடியில் ஏறிவிட்டது, எத்தனை முறை குளித்தாலும் போவதில்லை. நுரைக்கு அடியில் இழைக்காத பலகை. இரண்டு மெத்தை சேருகிற இடத்தில் ஒரு பள்ளம். அதே இடத்தில் காலையில் வேட் பாலைக் கொட்டுவான், மத்தியானம் நீ மீனை வெட்டிப் போடுவாய், ராத்திரி என் பெண் அதில் முகத்தை வைத்துப் படுக்க வேண்டும்.

எங்கள் ஆலையில் எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள். இத்தனை வண்டி முடித்தால் இவ்வளவு கூலி என்று பேச்சு. அதனால் ஓடி ஓடி முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கழிப்பறைக் குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட்டவன், தான் தின்ற ஹாம்பர்கர் காகிதத்தை அதற்குள்ளேயே திணித்து மேலே பலகையை அடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஏதோ ஒரு குடும்பம் அதை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிகிறது.

அது போகட்டும். 'டெஸ்ஸாவும் வேண்டுமானால் வரலாம்.' இந்த வேண்டுமானால் எங்கிருந்து வந்தது? அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நீ என்னைக் கட்டிக்கொண்டாய். பெற்றவன் முகம் அவளுக்கு ஞாபகத்தில்கூட இல்லை. உன்னைத்தான் அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். நீதான் சைக்கிள் பழக்கினாய், நீதான் அவள் ஆடிய பால்பல்லைப் பிடுங்கினாய். விவாகரத்துப் பத்திரத்தில் உன் பிள்ளைகள் என்று இரண்டு பெயரை மட்டும் எழுதினார்கள், நீயும் அதோடு சரி என்று வருடா வருடம் இரண்டு பேரை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறாய். பையன்களுக்குக் கட்டில், அவளுக்கு வேண்டுமானால் மேசை. சீ.

அவளுக்கும் ஒழுங்கான கட்டில் இல்லையென்றால் என் பிள்ளைகள் யாரும் அந்த டிரெய்லரில் ஏற மாட்டார்கள்.

ரொண்டா


பியூப்லோ
மார்ச் 23

ரொண்டாவுக்கு,

பையன்களை நீ நிறுத்த முடியாது. பத்திரத்தில் இருக்கிறது. அந்தப் பத்திரத்தில் டெஸ்ஸா பெயர் இல்லாமல் போனது என் வேலையும் இல்லை. "இவர் அந்தப் பெண்ணை முறைப்படி தத்தெடுக்கவில்லை, ஆகவே உரிமை கிடையாது" என்று எழுந்து நின்று வாசித்தது உன் வக்கீல். நீ பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாய்.

இருந்தாலும் நீ சொன்னபடி மூன்று கட்டில் வைத்தது தேடினேன். பழையதாகக் கிடைத்தால் நல்லது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தேன். மனிதர்கள் இவ்வளவு அசிங்கமாக வாழ்கிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. கேனன் சிட்டியில் ஒரு வண்டி. கதவைத் திறந்ததும் எலி மூத்திரம் மூக்கில் அறைந்தது. கட்டிலுக்கடியில் கையை விட்டேன், எலிக்குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை. இன்னொன்றில் தரையில் கால் வைத்த இடம் அப்படியே உள்ளே போனது, ஈரத்தில் ஊறிப் புட்டு மாதிரி உதிர்ந்தது. மூன்றாவது வண்டிதான் எல்லாவற்றுக்கும் மேல். போன இலையுதிர் காலத்தில் ஏரிக்குப் போய் வந்தவர்கள் கழிவுத் தொட்டியைக் காலி செய்யாமலே கொட்டகையில் நிறுத்திவிட்டார்களாம்.

"கொஞ்சம் வாசம் வரும். ஜன்னலத் திறந்து வச்சா போயிடும்" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"எத்தன நாள்ல போகும்?"

"நாங்க வச்சிருந்த வரைக்கும் போகல" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள், பாவம்.

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டேன். மறுநாள் நேராகப் போய்ப் புதியதிலேயே நீளமானதாக ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். பின்பக்கம் மூன்று கட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக. படம் இத்துடன் இருக்கிறது. இப்போது திருப்தியா? பிக்கப்பின் பின்பெட்டியில் என் படகு மோட்டார், ஜெனரேட்டர், கறி சுடுகிற இரும்பு அடுப்பு, கருவிப்பெட்டி, பெரிய ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டால் ஒரு குறையும் இருக்காது.

கர்ட்டிஸ்


கோஷன்
ஏப்ரல் 2

கர்ட்டிஸ்,

நான் நகம் கடித்தது இருக்கட்டும். அன்றைக்கு நீ அவள் பெயரைச் சொல்லி வாயைத் திறந்தாயா?

மூன்று கட்டில் கிடைத்தது நல்லது. எலிக்குஞ்சுக் கதையை நீ எனக்கு எழுதாமலே இருந்திருக்கலாம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிரித்தேன்.

நீ அனுப்பிய புது டிரெய்லர் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். வேட் பார்த்துவிட்டு, "மேல் கட்டில் எனக்கு!" என்று குதித்தான். கிளே நடுக்கட்டிலைப் பிடித்தான். "அப்ப கீழ்க் கட்டில் யாருக்கு?" என்று கிளேதான் கேட்டான்.

"அது பையெல்லாம் வைக்க. டெஸ்ஸாவுக்குத்தான் பேப்பர்ல பேரே இல்லையே" என்றான் வேட். பதினொரு வயதுப் பையன், அவன் எங்கே கேட்டானோ தெரியவில்லை. எனக்கு அவனை அறையலாம் போல வந்தது.

டெஸ்ஸா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்த மீன் நாத்தமே ஆகாது. நீங்களே போய் நாறுங்கடா" என்றாள். அதற்கப்புறம் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

பையன்கள் தூங்கிய பிறகு என்னிடம் வந்து, "அம்மா, அப்பா என்னையும் வரச் சொல்லிருக்காரா?" என்று கேட்டாள்.

"சொல்லிருக்கார்."

"என்னன்னு சொல்லிருக்கார்?"

நீ எழுதியதை என் வாயால் சொல்ல முடியவில்லை. "கண்டிப்பா வரணும்னு சொல்லிருக்கார்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப எனக்கே எழுதுவார்" என்றாள். அன்றிலிருந்து தபால் பெட்டியை அவள்தான் திறக்கிறாள். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் வராமல் நேரே அங்கேதான் போகிறாள்.

கர்ட்டிஸ், அவளுக்கு எழுது. எனக்கு எழுதுகிற கடிதத்தின் வாலில் ஒரு வரியாக இல்லை. அவள் பெயர் போட்டுத் தனியாக.

ரொண்டா


பியூப்லோ
ஏப்ரல் 17

ரொண்டாவுக்கு,

டெஸ்ஸாவுக்கு எழுத உட்கார்ந்தேன். அதற்குள் இந்த வம்பு வந்துவிட்டது.

முன்பணம் கட்டிய டிரெய்லரை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம் என்று போனேன். ஏரிக்குப் போகிற மாதிரியே இருக்கட்டும் என்று என் சாமானையெல்லாம் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். டிரெய்லரின் மூக்கை வண்டியின் பின்கொக்கியில் மாட்டியதும் பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது, முகம் வானத்தைப் பார்த்தது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டியது. அதன் காற்றில் டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நான் வண்டியை ஓட்டவில்லை, அதுதான் என்னை ஓட்டியது. எப்படியோ ஓரம் கட்டினேன். பிள்ளைகள் பின்சீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதவைத் திறந்து இறங்கும்போதுதான் கதவோரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. இரண்டு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஒரு நாள் படித்ததில்லை. இந்த வண்டியில் ஏறுகிற ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கிறது. அதாவது, இழுக்கிற எடை வேறு, சுமக்கிற எடை வேறு. டிரெய்லரின் மூக்கு வண்டி முதுகை அழுத்துகிறதே, அது சுமை. நானும் சுமை. பிள்ளைகளும் சுமை.

நேரே திரும்பிப் போய் விற்பனைக்காரனைப் பிடித்தேன்.

"அந்த ஸ்டிக்கர யாருமே படிக்க மாட்டாங்க சார்" என்றான்.

"நான் படிச்சிட்டேனே!"

"நாங்க சொன்னது காலி எடை சார். தண்ணி, கேஸ், சாமான், ஆளுங்க எதுவும் இல்லாம."

"ஆளே இல்லாம எவன்யா குடும்பத்தோட டூர் போவான்?"

"ஒரு பிள்ளைய வீட்ல விட்டுட்டுப் போனீங்கன்னா கரெக்டா வந்துடும் சார்" என்று சிரித்தான். நாக்கூசாமல் சொல்கிறான், அந்தப் பல்லை உடைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரியாக வந்தது. என்னையும் சாமானையும் போட்டு, மூக்கின் எடையைப் போட்டு, பையன்கள் இரண்டு பேரையும் போட்டால் ஸ்டிக்கரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. டெஸ்ஸாவைச் சேர்த்தால் தாண்டிவிடுகிறது. முதலில் பார்த்த சின்ன டிரெய்லர் என்றால் அவளும் வண்டியில் ஏறலாம், ஆனால் அதில் கட்டில் இரண்டுதான், மேசை கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். அவளுக்குப் படுக்கை இருந்தால் வண்டியில் இடமில்லை, வண்டியில் இடமிருந்தால் படுக்கை இல்லை. நான் என்ன செய்ய?

அதனால் இந்த வருடம் பையன்கள் மட்டும் வரட்டும். அடுத்த வருடம் பெரிய வண்டி வாங்கிவிடுவேன். டெஸ்ஸாவிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல்.

கர்ட்டிஸ்


கோஷன்
ஏப்ரல் 25

கர்ட்டிஸ்,

உன் கணக்கைப் படித்தேன். 'என்னையும் சாமானையும் போட்டு' என்று ஆரம்பிக்கிறாய்.

படகு மோட்டார். ஜெனரேட்டர். இரும்பு அடுப்பு. கருவிப்பெட்டி. ஐஸ்பெட்டி. இத்தனையும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டன. எடை தாண்டுகிறது என்றதும் நீ முதலில் இறக்கியது அவளை. மோட்டாரை இறக்கிப் பார்ப்போமே என்று உனக்குத் தோன்றவே இல்லை. நான் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், கோபம் வரவில்லை. அழுகின உருளைக்கிழங்கைத் தெரியாமல் கையால் பிடித்துவிட்டால் வருமே, அந்த மாதிரி இருக்கிறது.

விற்பனைக்காரன் பல்லை உடைக்க வேண்டுமாம். அவனாவது சிரித்துக்கொண்டு சொன்னான், அவனுக்கு டெஸ்ஸா யாரென்றே தெரியாது. நீ உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டுமாம். எதை? "உங்க அப்பாவுக்கு அடுப்பு வேணும்டி, அதனால உனக்கு இடமில்ல" என்றா? ஜெனரேட்டர் எதற்கு உனக்கு? ஏரிக்கரையில் டிவி பார்க்கவா?

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்ததே அவள்தான். உறையின் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். என் பெயர் மட்டும்தான் இருந்தது. "உனக்குத்தான்மா" என்று வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் தபால் பெட்டிப் பக்கம் போகவில்லை. இப்போது கிளேதான் எடுத்து வருகிறான்.

ரொண்டா


பியூப்லோ
மே 8

ரொண்டாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதலில் உன்னைத் திட்டி ஒன்று எழுதினேன். படித்துப் பார்த்தேன், எழுதினவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீளமான டிரெய்லரை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். முன்பணம் போனது போனதுதான். அது ஆடிய ஆட்டத்துக்கு யாரையும் வைத்துக்கொண்டு அதை மலைக்கு இழுத்துப் போக மாட்டேன். முதலில் பார்த்த சின்னதையே வாங்கிவிட்டேன். பின்பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, ஜல்லி விற்கிறவர்களின் எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தேன். பிள்ளைகள் மூன்று பேருக்குமான எடையைச் சிமெண்டு மூட்டையாக ஏற்றிக்கொண்டேன். தாராளமாக இடமிருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

கதவு வைத்த முன்னறைக் கட்டில் டெஸ்ஸாவுக்கு. உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். நான் மேசையில் படுத்துக்கொள்கிறேன். வெள்ளோட்டமாக நேற்று படுத்துப் பார்த்தேன். நீ சொன்ன பள்ளம் சரியாக இடுப்புக்கு வருகிறது. பசை நாற்றமும் அப்படியே. அதை விடு.

இத்துடன் இன்னொரு உறை, டெஸ்ஸா பெயர் போட்டு. எத்தனையோ தாளை வீணாக்கி எழுதினேன். நீ அவள் கையில் கொடு. 'வேண்டுமானால்' என்று எங்கேயும் எழுதவில்லை. நீ வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கர்ட்டிஸ்


கோஷன்
மே 17

கர்ட்டிஸ்,

கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மடித்து மறுபடி உறைக்குள் வைத்தாள்.

"என்ன எழுதிருக்கார்?" என்று கேட்டேன்.

"வரச் சொல்றார். அவரோட கட்டில எனக்குத் தர்றாராம். அவர் மேசைல படுத்துக்கிறாராம்."

"போயிட்டு வாயேன்டி."

"எப்படிம்மா போறது? ஜூலை பூரா வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேனே."

உனக்குத் தெரியாது. நெடுஞ்சாலையோரம் ஜன்னல் வழியாக ஐஸ்கிரீம் விற்கிற கடை இருக்கிறதே, அங்கே சேர்ந்திருக்கிறாள். உன் பழைய கடிதம் என் பெயரில் மட்டும் வந்ததே, அதற்கு மறுநாள் ஸ்கூல் விட்டு வருகிற வழியில் அவளாகவே போய்க் கேட்டிருக்கிறாள். பெயர் குத்தின சட்டை, தொப்பி எல்லாம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் புளித்த பால் வாடை. பசை வாடையும் பால் வாடையுமாக எங்கள் இரண்டு பேரின் துணியைச் சேர்த்துத் துவைக்கக்கூட முடியவில்லை.

"நான் வந்து உங்க முதலாளிகிட்டப் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்காம, நீ நாளைக்கே வந்துடுன்னு சொன்னாங்க" என்றாள்.

இதற்குமேல் நான் என்ன சொல்ல? உன்னைத் தேற்ற நான் இதை எழுதவில்லை. நீ எழுதிய கடிதம் நல்ல கடிதமாகத்தான் இருந்திருக்கும். ஏப்ரல் மாதம் வந்திருக்க வேண்டிய கடிதம்.

பையன்கள் ஜூலை முதல் வாரம் வருவார்கள். கழிவுத் தொட்டியை மட்டும் ஒழுங்காகக் காலி செய்.

ரொண்டா


பியூப்லோ
ஜூன் 4

ரொண்டாவுக்கு,

நான் கோஷனுக்கு வந்து போனது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். உன்னோடு பேசக் கூடாது என்றுதான் நீதிபதி சொன்னார், அவளோடு பேசக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் வீட்டு வாசலுக்கு வரவில்லை. டிரெய்லரை மாட்டாமல் வெறும் வண்டியில் வந்தேன்.

வழியில் கான்சாஸ் மாநிலம் முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே ஓட்டினேன். "நீ வரணும் டெஸ்ஸா. நீ இல்லாம நான் எங்கயும் போறதா இல்ல." கான்சாஸ் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். சத்தமாகச் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், கடைசியில் மனப்பாடமாகிவிட்டது.

கடை வாசலில் வரிசை நின்றது. நானும் நின்றேன். என் முறை வந்தபோது அவள் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே, "என்ன வேணும் சார்?" என்றாள். அப்புறம் நிமிர்ந்தாள். அந்த முகம் ஒரு நொடி மலர்ந்தது, ரொண்டா. நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஷிஃப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது ஓடி வருவாளே, அதே முகம். உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. பின்னால் நின்ற அம்மாள், "சட்டுனு சொல்லுங்களேன், குழந்தை அழுவுதுல்ல" என்றாள்.

"வெனிலா" என்றேன்.

ஆயிரம் மைலுக்கு மேல் வண்டி ஓட்டி வந்து வெனிலா என்று சொல்கிற மனிதனை நீ பார்த்திருக்கிறாயா? எனக்கு என்னை நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது. அவள் கொடுத்தாள். காசை வாங்கிக்கொண்டாள். "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஐஸ்கிரீமைத் தின்னவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. உருகிக் கையெல்லாம் பிசுபிசுத்தது. கடை அடைத்த பிறகு அவளாகவே வந்து ஜன்னலைத் தட்டினாள். "வீட்டுப் பக்கம் போறீங்களா?" என்றாள். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் சொன்னேன், கான்சாஸில் பழகியதை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். உங்கள் தெருமுனை வந்தபோது சொன்னாள்.

"எனக்குக் கட்டில்லாம் வேணும்னு நான் கேட்டேனா? முதல்லயே என்னைக் கூப்பிட்டிருந்தா, அந்த மேசைலயே படுத்திருப்பேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலடா."

"ஜூலை பூரா எனக்கு வேலை இருக்கு."

தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். தொப்பியை எடுத்துக்கொண்டாள். குனிந்து உள்ளே பார்த்து, "தேங்க்ஸ், கர்ட்டிஸ்" என்றாள்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரி, நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கதவையும் சத்தம் வராமல் மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கர்ட்டிஸ்